பேர் இல்லாத போட்டு ஏது?

திரையில் மஞ்சள் வரி ஒன்று இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எரர் வந்தால்கூடப் பரவாயில்லை. அது சிவப்பாக வந்து வேலையை நிறுத்திவிடும். நாமும் தலையில் அடித்துக்கொண்டு சரிசெய்துவிடுவோம். வார்னிங் அப்படியில்லை. நாம் எழுதிய புரோகிராமைப் படித்துப் பார்க்கும் கம்பைலர், இந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று மஞ்சளில் ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் உன் பாடு என்று புரோகிராமைக் கட்டிக் கையில் கொடுத்துவிடும். என் அம்மா பேசுவதும் இப்படித்தான். "நான் சொல்றத சொல்ட்டேன், அப்பால உன் இஷ்டம்" என்று முடிப்பாள். அதற்குத் திட்டியே தீர்த்திருக்கலாம் என்று தோன்றும்.

நான் வேலை செய்யும் இடம் திருவொற்றியூரில் ஒரு குடோனுக்கு மேல் மாடி. கீழே கன்டெய்னர்களுக்கான பூட்டும் சங்கிலியும் விற்கிறார்கள். மேலே நாங்கள் ஒரு சிறிய கூட்டம், விசைப்படகில் பொருத்தும் ஒரு பெட்டியைச் செய்கிறோம். சோற்று டப்பா அளவுதான். நடுவில் சிவப்புப் பொத்தான். நடுக்கடலில் ஆபத்தென்றால் அதை அழுத்த வேண்டும். செல்போன் டவர் எட்டாத தூரத்திலிருந்தும் படகின் பெயர், அது நிற்கும் இடம், 'உதவி தேவை' என்ற செய்தி, மூன்றும் செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள எங்கள் போனுக்கு வந்துவிடும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் வண்ணாரப்பேட்டையிலிருந்து பைக்கில் வரும் பாய். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட, அனுபவமும் கூட, பிடிவாதமும் கூட.

என் வீடு கல்மண்டபம் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர், தம்பி போகிறவன். அதனால் படகு பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் ஆபீஸில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். கடலில் ஒரு நாள்கூடக் கால் வைக்காத எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

சி மொழியை முதலில் படித்தது பாலிடெக்னிக்கில். படித்தேன் என்பதைவிட மனப்பாடம் செய்தேன் என்பது சரி. எழுத்துகளைக் குறிக்கும் 'கேர்' என்ற சொல்லை எங்கள் வகுப்பே 'சார்' என்றுதான் படித்தது. வாத்தியார் பலகையில் 'கான்ஸ்ட் சார் ஸ்டார்' என்று எழுதினால், "மாறாத சாரு ஒரு ஸ்டாரு" என்று பின்வரிசை சிரிக்கும். கான்ஸ்ட் என்றால் மாற்றக் கூடாதது. ஸ்டார் என்றால் பாயின்ட்டர், அதாவது ஒரு பொருள் மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விலாசம். எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். மாற்றக் கூடாதது விலாசத்தையா, அந்த விலாசத்தில் இருக்கும் பொருளையா? கான்ஸ்ட்டை ஸ்டாருக்கு முன்னால் போட்டால் ஒன்று, பின்னால் போட்டால் இன்னொன்று என்றார்கள். எது எது என்பது பரீட்சைக்கு முதல்நாள் தெரியும், மறுநாள் மறந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதில் திணறுவதைப் பாய் பார்த்துவிட்டார்.

"நீ எங்கேர்ந்து படிக்கிற?"

"ஆரம்பத்துலேர்ந்துதான் பாய்."

"அதான் தப்பு. நாங்க குரான் ஓதுற மாரி படிமா. வலது கை பக்கம் ஆரம்பிச்சு இடது கை பக்கம் வா. தானா வரும்."

படித்துப் பார்த்தேன். கான்ஸ்ட் சார் ஸ்டார். வலமிருந்து வந்தால்: இது ஒரு விலாசம்; ஓர் எழுத்தின் விலாசம்; அந்த எழுத்தை மாற்றக் கூடாது. சார் ஸ்டார் கான்ஸ்ட் என்றால்: இந்த விலாசத்தை மாற்றக் கூடாது, அங்கே இருக்கும் எழுத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமே வந்தது. ஒரு கோர்ஸ் முழுக்கப் பணம் கட்டிப் படித்ததை இந்த மனுஷர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

எனக்குள் நான் அதை வாடகை வீடாக வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரம்மா சாவி கொடுத்தபோது போட்ட ஒரே சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பா படம் இன்றைக்கும் பீரோவுக்கு மேல் சாய்ந்துதான் நிற்கிறது, ஃபேன் வேகமாக ஓடினால் ஆடும். கான்ஸ்ட் என்றால் அதுதான். உள்ளே வா, இரு, பார். ஆணி மட்டும் அடிக்காதே. மெமரி விஷயமும் அப்படியே. இடம் கேட்டு வாங்கியவர்தான் வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சி மொழியில் அதற்கு ஃப்ரீ என்று பெயர். கொடுக்காவிட்டால் அந்த இடம் யாருக்கும் ஆகாமல் கிடக்கும். கொடுத்த பிறகு பழைய நினைப்பில் உள்ளே நுழைந்தால் வம்பு. வாடகைக்கே எடுக்காத வீட்டைக் காலி செய்கிறேன் என்று போய் நின்றால் அதைவிடப் பெரிய வம்பு.

எங்களுக்குள் சண்டை வந்தது படகின் பெயரில்தான். பெட்டிக்குள் பெயரை எடுத்துக் கொடுக்கும் ஒரு பங்ஷனை, அதாவது அந்த ஒரு வேலைக்கான புரோகிராம் துண்டை, நான் எழுதியிருந்தேன். பெயர் பதிந்திருந்தால் அதற்கென்று புதிதாக இடம் வாங்கி, ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். அது சொந்த வீடு மாதிரி, ஆணி அடிக்கலாம். பெயரே பதியாமல் இருந்தால், புரோகிராமோடு சேர்த்துச் சிப்பில் எழுதிவைத்த 'நோ நேம்' என்ற சொல்லின் விலாசத்தைக் கொடுக்கும். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாது. அது வீட்டுக்காரம்மாவின் சுவர். இரண்டில் எது வரும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதால் நான் கான்ஸ்ட் போட்டு வைத்தேன்.

வாங்குவது பாயின் பங்ஷன். செயற்கைக்கோள் செய்தியில் இடம் குறைவு. அதனால் அவர் பெயரைப் பெரிய எழுத்தாக்குவார், நீளமாக இருந்தால் வாலை நறுக்குவார், அனுப்பிவிட்டு இடத்தை ஃப்ரீ செய்வார். நறுக்குவதும் எழுதுவதுதானே? கான்ஸ்ட் என்று கொடுத்ததை நீ கான்ஸ்ட் இல்லாமல் வாங்குகிறாய் என்று கம்பைலர் ஒரு மஞ்சள் வரி போட்டது. ஃப்ரீ செய்யும் இடத்தில் இன்னொன்று. நான் இரண்டையும் காட்டினேன். பார்க்கலாம் என்றார்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் மஞ்சள் வரி இரண்டும் இல்லை. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். பாய் எதையும் சரிசெய்திருக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரு காஸ்ட் போட்டிருந்தார். காஸ்ட் என்றால், 'இது கான்ஸ்ட் இல்லை, நான் சொல்கிறேன், நீ வாயை மூடு' என்று கம்பைலரிடம் சொல்வது. கம்பைலரும் மூடிக்கொண்டது.

"இன்னா பாய் இது? முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"எதுக்குமா கத்துற? வார்னிங்தானே, எரர் இல்லையே. நாளைக்கு டெமோ கீது. கம்பெனி பெரியவரு மஞ்சளப் பாத்தாருன்னா பேஜாரு."

"பேரு பதியாத போட்டுல பட்டன அழுத்துனா இன்னா ஆவும்?"

பாய் நாற்காலியை முழுதாக என் பக்கம் திருப்பிக்கொண்டார். "பேரு பதியாம நம்ம பொட்டிய குடுக்குறதே இல்ல. நீயே சொல்லு, நீதானே போட்டு வூட்டுப் பொண்ணு. பேர் இல்லாத போட்டு ஏது?"

காசிமேட்டில் கட்டியிருக்கும் படகுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். சாமி பேர், பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேரை ஒட்டவைத்த பேர். பேர் இல்லாமல் ஒன்றும் கண்ணுக்குள் வரவில்லை. சரி என்று போய் உட்கார்ந்தேன். ஆனால் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் இருந்த இடத்தைத்தான் என் கண் முதலில் தேடும்.

இதெல்லாம் கோடையில் நடந்தது, மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது. தடை முடிந்து ஆனி மாதம் போகும் சமயத்தில் தம்பியும் அவன் தோஸ்து ஒருவனும் பங்குபோட்டு ஒரு பழைய விசைப்படகை வாங்கினார்கள். எங்கள் கம்பெனி சோதனைக்காகப் பெட்டி பொருத்திய படகுகளில் அது ஒன்று. பெட்டியும் அப்படியே அவர்களிடம் வந்துவிட்டது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. தம்பி கடலுக்குப் போனால் நான் எழுதியது கூடவே போகிறது என்று அம்மாவிடம் அளந்தேன்.

எங்கள் பக்கத்தில் படகு கைமாறினால் முதல் வேலை, பக்கவாட்டில் எழுதியிருக்கும் பழைய பெயர்மேல் பெயிண்ட் அடிப்பது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் படகு பழைய முதலாளியைத் தேடிப் போகும் என்பார்கள். அப்புறம் நல்ல நாள் பார்த்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துப் புதுப் பெயர். தம்பி பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் பெயர் வைப்பார்கள்? ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவானது. அதுவரை படகைச் சும்மா கட்டிவைக்க முடியுமா? போனான். போய்விட்டு வந்தான். மறுபடி போனான். நானும் அந்த வெற்றுப் பெயிண்ட்டைப் பார்த்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பெட்டிக்குள் பழைய பெயர் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூட இல்லை, அதைப் பற்றி எண்ணமே வரவில்லை.

ஆடி ஞாயிறு ஒன்றில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். தெரு முழுக்க வேப்பிலை, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. காற்று பந்தல் துணியைப் பிய்த்தது. கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தனக்குத்தானே முனகினாள்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். பேரு கூட வெக்காத போட்டுல புள்ளைய அனுப்பிட்டு இங்க குந்திகினு கீறேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். 'பேர் இல்லாத போட்டு ஏது' என்ற பாயின் கேள்வி அந்தச் சிரிப்புக்குள்ளேயே வந்து நின்றது. கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டேன்.

தம்பிக்கு அடித்தால் டவர் இல்லை. கடலில் எங்கே இருக்கும். பங்குக்காரத் தோஸ்து இந்த முறை ஏலம் பார்க்க என்று கரையிலேயே நின்றுவிட்டவன். அவன் கூழ் வரிசையில்தான் இருந்தான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் காதில் கத்த வேண்டியிருந்தது.

"பொட்டில பேரு இன்னா போட்டுகீறீங்க?"

"எந்தப் பொட்டில?"

"நம்ம பொட்டிலதான்டா! பட்டன் பொட்டி!"

"அதுவா? ஒண்ணும் இல்லக்கா. போன்ல ஆப்ப தொறந்து பழைய பேர நாந்தான் அழிச்சேன்." அவன் முகத்தில் பெருமை. "பெயிண்ட் அடிச்சுட்டு பொட்டில வுட்டா அது இன்னா அழிச்ச மாரி? சுத்தமா எடுத்தாச்சு. ஆவணில புதுசு போட்டுக்கலாம்."

அவனைத் திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு அவன் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது? பாய்க்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி நேரம். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்புறம், "கெளம்புறேன்" என்றார். ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஞாயிறானாலும் துறைமுகம் தூங்குவதில்லை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. நடுவில் இன்னொரு அம்மன் ஊர்வலம் வேறு. ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தேன், மறுபடி ஓர் ஆட்டோ, மறுபடி நடை. காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. அன்றைக்கு நான் சபிக்காத லாரி அந்த ரோட்டில் இல்லை.

பாய் எனக்கு முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தார். மேஜையில் சோதனைப் பெட்டி. அதிலிருந்த பெயரை அழித்தோம். "அழுத்து" என்றார். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு ஒரு தரம் மின்னியது. அணைந்தது. திரும்ப முதலிலிருந்து எல்லா விளக்கும் எரிந்தன. பெட்டி புதிதாகப் பிறந்த மாதிரி விழித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது. போனில் செய்தி வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதேதான். எழுதக் கூடாத இடத்தில் எழுதப் போய், சிப் மிரண்டு, தன்னைத்தானே நிறுத்தி மறுபடி தொடங்கிக்கொண்டது. வீட்டுக்காரம்மா சுவரில் ஆணி அடித்தாயிற்று, கையும் போய்விட்டது. ஃப்ரீ வரைக்கும் அது போகவே இல்லை.

நடுக்கடலில் ஒருவன் அந்தப் பொத்தானை எப்படி அழுத்துவான் என்று நினைத்தேன். விளக்கு மின்னியதைப் பார்த்து, செய்தி போய்விட்டது என்று நம்பிக் காத்திருப்பான்.

பாய் கீபோர்டை இழுத்து இரண்டு காஸ்ட்டையும் எடுத்தார். மஞ்சள் வரிகள் இரண்டும் வந்து நின்றன. பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் புது இடம் வாங்கி நகல் எடுத்தே கொடுப்பது என்று மாற்றினோம். மஞ்சள் தானாகப் போனது. சின்ன வேலைதான். அழுத்திப் பார்த்தோம், செய்தி வந்தது. கரையில் இருக்கும் மற்றப் பெட்டிகளை நாளைக்கே வாங்கி மாற்றிவிடலாம். ஆனால் தம்பியின் பெட்டிக்குக் கேபிள் செருகினால்தான் புதுப் புரோகிராம் ஏறும். கேபிள் இங்கே, பெட்டி அங்கே.

"அவன் போன்ல ஆப் கீது இல்ல?" என்றார் பாய். "அதுக்கு டவர் வாணாமே, பக்கத்துல இருந்தா போதும். எதனா ஒரு பேர அடிக்கச் சொல்லு. நம்ம பழைய புரோகிராமே ஓடும்."

"அவனுக்கு யாரு சொல்றது?"

"வயர்லெஸ்."

பாயின் பைக்கில் காசிமேடு துறைமுகத்துக்குப் போனோம். படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசும் அறை ஒன்று அங்கே உண்டு. நான் போனில் சொல்லியிருந்தேன், தோஸ்து அதற்குள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கூழ் வாளிகூட அவள் கையிலேயே இருந்தது. மைக்கின் முன்னால் குந்தியிருந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மைக்கை எடுத்தார்.

"போட்டு பேரு இன்னா?"

நான் தோஸ்தைப் பார்த்தேன்.

"பேரு சொல்லுமா. பேரு சொன்னாத்தானே கூப்புட முடியும்?"

"பேரு இன்னும் வெக்கலண்ணா."

"இன்னா வெளையாடுறியா? பேர் இல்லாத போட்டு ஏது?"

பாய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்றேன். தோஸ்து துள்ளிவிட்டான். அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்களாம். கடைசியில் அந்த அண்ணனே ஒரு வழி கண்டார். "பேரு வெக்காத போட்டு, பேரு வெக்காத போட்டு, கரையிலேர்ந்து கூப்புடுறோம்" என்று ஆரம்பித்தார். வேறு படகுகளிலிருந்து சிரிப்பு வந்தது. யாரோ ஒருவன் கிண்டலாக அதையே பாடினான். ஆனால் கைக்குக் கை மாறுகிற மாதிரி அந்தக் கூப்பாடு படகுக்குப் படகு தாண்டிப் போனது. வெகுநேரம் இரைச்சல்தான். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். "ஒரு எடத்துல நில்லுடி, எனக்குத் தல சுத்துது" என்றாள் அம்மா.

அப்புறம் இரைச்சலுக்குள்ளிருந்து தம்பியின் குரல் ஒரு கணம் கேட்டுத் தேய்ந்தது. நடுவில் ஒரு படகு நின்று இந்தப் பக்கம் கேட்பதை அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் கேட்பதை இந்தப் பக்கமும் சொன்னது. பெட்டியில் ஒரு பெயரை அடி என்று சொல்லச் சொன்னேன்.

"ஆடி மாசத்துல பேரு வெக்க மாட்டேன்றான்!"

மைக்கைப் பிடுங்கினேன். "டேய், பேரும் வாணா ஒண்ணும் வாணா. எதனா நாலு எழுத்து அடிடா!"

"நாலு எழுத்து அடிச்சா அது பேருதானேன்னு கேக்குறான்!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கேட்டது சரி என்பதால் இன்னும் ஏறியது. பெட்டிக்கு நாலு எழுத்து போதும், அவனுக்கு அது பெயர். இந்த வயர்லெஸ்ஸில் பாயின்ட்டரையும் கான்ஸ்ட்டையும் எப்படிச் சொல்வேன்? வாய்க்கு வந்தபடி கத்தினேன், பட்டன் வேலை செய்யாதுடா, செத்துப் போய்டுவடா என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாத சொல். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, அம்மா பேசுறேன். பேரு வெக்காத கொழந்தைய வூட்ல இன்னான்னு கூப்புடுவோம்?"

இரைச்சல். நடுவிலிருந்த படகுக்காரர் கேள்வியை அங்கே சொல்வது கேட்டது. அப்புறம் அவரே சொன்னார்.

"பாப்பான்றான்மா."

"அது பேரா?"

"இல்லன்றான்."

"அத்தப் போடச் சொல்லு. போட்டுட்டு அந்த செவப்பு பட்டன ஒரு தபா அழுத்தச் சொல்லு."

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வழியை நாங்கள் செய்து வைத்திருக்கவில்லை. போனை உள்ளங்கையில் மலர்த்தி வைத்துக்கொண்டு நின்றேன். பாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தோஸ்து, "நான்தான் அழிச்சேன், நான்தான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். வயர்லெஸ்ஸில் வெறும் உஸ்ஸென்ற சத்தம். கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.

போன் அதிர்ந்தது.

மூன்று வரி இங்கிலீஷில் வந்திருந்தது. முதல் வரியில், பெரிய எழுத்தில், பாப்பா. அடுத்த வரியில் கடலில் ஓர் இடத்தைக் காட்டும் எண்கள். மூன்றாவது வரியில், உதவி தேவை. யாருக்கும் எந்த நாளும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நாங்கள் எழுதிய வரி அது. அதைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பாய் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துச்சான்னு கேக்குறான்" என்றது வயர்லெஸ். "அழுத்திட்டானாம். எதுக்கு இவ்ளோ அலப்பறன்னு சிரிக்கிறான்."

அம்மா மைக்கை விட்டுவிட்டு என் போனுக்கு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"இதுல எதுடி பாப்பா?"

காட்டினேன். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அந்த எழுத்துகள்மேல் வைத்தாள். கொஞ்சநேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு விரலை மெதுவாகக் கீழே இறக்கி, கடைசி வரியில் நிறுத்தினாள்.

"இங்க இன்னா எழுதிகீது?"

"போட்டு நல்லா கீதுன்னு எழுதிகீதுமா" என்றேன்.